சலம் போகவேண்டும் என்று ஜெபித்தோம்

சகோதரங்களே, எனக்கு மேடைப்பேச்சு வராது. நடந்ததை நடந்தபடி சொல்லுகிறேன்.

அறுபதுகளின் நடுவில், சித்திரைப் புத்தாண்டு கழிந்த கிழமை. என் கணவர் செல்வராசா திருகோணமலைத் துறைமுகத்தில் கோதுமை மா இறக்கிக்கொண்டிருந்தார். கிரேனில் மூட்டைகளைத் தூக்கிய வலை அறுந்து அவர் கால்களின் மேல் விழுந்தது. கப்பல்துறை என்கிற எங்கள் ஊரில், வீட்டுக்கு ஆள் வந்து சொன்னபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மிச்ச மீனையும் கழுவிவிட்டுத்தான் எழுந்தேன். ஏனென்று இன்றும் தெரியாது. அழுகை வரவில்லை.

ஆசுபத்திரியில் அவர் வெளிறிப்போய்க் கிடந்தார். உதட்டில்கூட இரத்தமில்லை. அவரோடு மூட்டை தூக்கிய கிண்ணியா ஆட்கள் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தார்கள். கர்த்தர் முதலில் அனுப்பிய உதவி அந்த முஸ்லிம் சகோதரர்கள்தான். அதை மறைத்தால் இது பொய்ச்சாட்சி.

மறுநாளும் நான் காலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"கால் கிடக்கட்டும் அம்மா. கனக்க இரத்தம் போயிட்டுது. நசிஞ்ச தசையின்ர கழிவும் சிறுநீரகத்தை அடைக்குது. நேற்றில இருந்து சலம் போகேல்ல. அது போனாத்தான் ஆள் தப்பும்."

மாமி செவ்விளநீரோடு வந்தார். சிறுநீர் போகாத ஆளுக்கு அது கூடாதென்று தாதி வாசலிலேயே திருப்பிவிட்டார். எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியமும் போயிற்று.

அன்று பின்னேரம் சபைப் பெண்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள்.

"என்னத்துக்காக ஜெபிக்க, பிள்ளை?" என்று போதகரின் மனைவி கேட்டார்.

"சலம் போகவேணும், அக்கா."

எல்லோரும் குனிந்துகொண்டார்கள். பிறகு இரத்தத்துக்காக ஜெபித்தார்கள், காலுக்காக ஜெபித்தார்கள், டாக்டரின் கைகளுக்காக, மழைக்காகக்கூட ஜெபித்தார்கள். அந்தச் சொல்லை ஆண்டவருக்கு முன்னால் எடுக்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. மரத்துக்கிடந்த எனக்குள் வந்த முதல் உணர்ச்சி அதுதான். நடுவில் புகுந்தேன்.

"ஆண்டவரே, அந்த மனுசனுக்குச் சலம் போகவேணும். இப்ப வேறொண்டும் வேண்டாம்."

போதகரின் மனைவி கண்ணைத் திறக்காமலே, "ஓம் ஆண்டவரே, சலம்" என்றார். பிறகு எல்லோரும் அதையே கேட்டார்கள்.

மறுநாள் காலை தாதி போத்தலைத் தூக்கிக் காட்டினார். அடியில் கொஞ்சம், கறுத்த தேநீர் நிறத்தில். போகப் போக அளவு கூடியது, நிறமும் தெளிந்தது. டாக்டர் சிரித்தார். என் வாய் ஸ்தோத்திரம் என்றது. மனம் கட்டையாய்க் கிடந்தது.

ஒரு காலை எடுக்கவேண்டியிருந்தது. மாதங்கள் கழித்து ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தார். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வீட்டுக் கோடியில், வேலியோரம் அவர் சிறுநீர் கழிக்கிற சத்தம் கேட்டது. நெடுநேரம் கேட்டது. துருவலையை விட்டுவிட்டு ஓவென்று அழுதேன்.

"என்னப்பா, ஆர் செத்தது?" என்று அவர் பயந்து கத்தினார்.

"ஒருத்தரும் சாகேல்லையப்பா" என்றேன்.

அன்றுமுதல் நான் சுற்றிவளைத்து ஜெபிப்பதில்லை. உங்கள் வீட்டிலும் வெட்கத்தால் வாயில் எடுக்காத ஒரு தேவை இருக்கும். அதன் பெயரைச் சொல்லியே அவரிடம் கேளுங்கள். இந்த உடம்பைப் படைத்தவருக்கு இதில் என்ன வெட்கம்?