ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு மெரூன் பொட்டு

அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை, ஸ்ரீநிவாஸ் சிம்லா பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிய காலையிலும், மேகலா ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் அல்ல; கதவை அடைத்திருந்த ஒரு படத்தில். கட்டைவிரல் நகமளவே உள்ள ரேடியோ சில்லு அதில் அரைக் கதவுக்குப் பெருத்து, நாலா பக்கமும் பின்களை, அதன் கம்பிக்கால்களை, நீட்டிக் கிடந்தது.

டில்லி ஆர்.கே.புரத்தில் மேகலாவின் கணவருக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸின் சமையலறைதான் இவர்கள் கம்பெனி. கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஸ்ரீநிவாஸ் மென்பொருள் எழுதுவான்; மேகலா அது ஓடும் சர்க்யூட் போர்டை வரைவாள். சரோஜினி நகரில் ஸ்டிக்கர் பொட்டை அட்டை அட்டையாக வாங்குவாள். சிவப்பு ஒட்டிய பின்னைத் தொடக்கூடாது. கறுப்பு, ரேடியோவுக்கு. பச்சை நமக்கு. நெற்றிக்கு வைக்கும் பெரிய மெரூன் மட்டும் சந்தேகத்துக்கு. "சந்தேகம்னா கண்ணுல குத்தணும், ஸ்ரீ."

இந்த முறை ஒரு மெரூன் எடுபடாமல் கதவில் மிச்சமிருந்தது.

போர்டு போகிற இடம் இமயமலையில், ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் ஓர் ஓடை. போன கோடையில் சொல்லாமல் வந்த வெள்ளம், கீழ் ஊரின் மரப்பாலத்தை அதன்மேல் நடந்துகொண்டிருந்த இரண்டு பெண்களோடு கொண்டுபோயிருந்தது. போர்டு பனிக்கடியில் குளிர்காலம் முழுக்கத் தூங்க வேண்டும். பனி உருகி நீர் ஏறினால் ஒரு மிதவை அதன் ஒற்றைப் பின்னைத் தட்டும்; விழித்து ஊருக்குச் சொல்ல வேண்டும். விழிக்காவிட்டால், இல்லாத காவலை நம்பி ஊர் புதுப் பாலத்தில் நடக்கும்.

அந்த ஒற்றைப் பின்னை முதலில் ஸ்ரீநிவாஸ்தான் இணையத்தில் கிடைத்த வண்ணப் படத்தைப் பார்த்துத் தேர்ந்து கொடுத்தான். மேகலா சில்லின் எண்ணூறு பக்க ஆவணத்தைப் படித்தாள். பிறகு அதே சில்லை ஆன்டெனாவோடு சேர்த்துத் தகர மூடி போட்டு விற்கிறவனின் ஆவணம். பிறகு இரண்டுக்கும் வந்த திருத்தங்கள். வெண்டைக்காய் நறுக்கும்போதும் லேப்டாப் பக்கத்திலேயே இருக்கும்.

"அச்சா, உன் பின் எங்க போகுதுன்னு பாத்தியா? மூடிக்குள்ளயே ரேடியோவோட ஸ்விட்சுக்குக் குடுத்துட்டான். எழுந்துக்கும், ஆனா வாயைத் திறக்காது. உன்னை மாதிரி, காலங்கார்த்தால."

"படத்துல காலியாத்தானே காட்டினான்?"

"அது வெறும் சில்லோட படம். நாம வாங்கினது கட்டி முடிச்ச வீடு. சுவத்துக்குள்ள எந்த ஒயர் எங்க போகுதுன்னு கட்டினவன்தானே சொல்லணும்?"

ஸ்ரீநிவாஸ் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். நகமளவு தகரத்துக்குள் தெருக்கள், அடைத்த வாசல்கள். அவள் அதற்குள் நடந்துபோய்த் திரும்பியவள்போல் பேசினாள்.

அதற்கு மாற்றாக மேகலா எடுத்த இன்னொரு பின் எந்தக் குளிரிலும் எழுப்பும் என்றது சில்லின் ஆவணம். மூடி போட்டவன் அதைப் பற்றி மூச்சு விடவில்லை; கேட்டு எழுதியும் பதிலில்லை. அதனால் அந்தப் பின்னுக்கு மெரூன். மேகலா போர்டை ஃப்ரீசரில், மட்டர் பட்டாணிப் பொட்டலத்துக்கடியில் ஒரு வாரம் தூங்கவைத்தாள். தட்டியதும் எழுந்தது.

"எழுந்துடுச்சுல்ல? அந்தப் பொட்டை எடுத்துடேன்," என்றான் பெட்டியைத் தூக்கியபடி.

"மட்டருக்கு வர்ற குளிரும் ஸ்பிதிக் குளிரும் ஒண்ணா? கெளம்பு, ஜல்தி."

ஓடை உறைவதற்குள் பொருத்திவிட்டு அவன் திரும்பினான். அப்புறம் பனி மூடியது. யாரும் போய்ப் பார்க்க முடியாது. பொட்டு கதவிலேயே இருந்தது. மேகலா பால் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்த்தாள். பொங்கலன்று துடைத்தபோதும் அதைச் சுற்றித்தான் துடைத்தாள்.

டில்லியில் கூலர்கள் இரைய ஆரம்பித்த மே மாதத்து மத்தியானம், ஸ்ரீநிவாஸின் போன் அதிர்ந்தது. அவனே எழுதிவைத்த வாசகம்: விழித்தேன், நீர் ஏறுகிறது. அவன் வாய் திறப்பதற்குள் அடுத்தது, ஊர்ப் பள்ளி ஆசிரியரிடமிருந்து, இந்தியில்: பாலத்தை அடைத்துவிட்டோம். வெள்ளம் இப்போதுதான் வந்தது. எல்லோரும் மேட்டில்.

போனை அவள் முன்னால் நீட்டினான். மேகலா இரண்டு தடவை படித்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கதவிலிருந்த மெரூன் பொட்டை நகத்தால் கிள்ளி எடுத்தாள். பசை போயிருந்தது. அதை நெற்றியில் வைத்து, ஒட்டும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.