மதிய நேரத்துப் பாரா

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதிரே இருப்பவர் முகம் கொஞ்சம் சுருங்கினால் போதும், உடனே ஒரு ஜோக் அடித்துவிடுவேன். சாவு வீட்டில் துஷ்டி கேட்கப் போய் அடித்து ஏச்சு வாங்கியிருக்கிறேன். பெண் பார்க்கப் போன இடத்தில் அடித்து இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருக்கிறது. மூன்றாவதாகப் பார்த்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் கடைசிவரை சிரிக்கவே இல்லை. அவளைத்தான் கட்டிக்கொண்டேன்.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையம் பஜாரில் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தேன். அந்தக் கடையில் என் அப்பாவை உட்காரவைத்ததுதான் நான் அடித்ததிலேயே மோசமான ஜோக். அடித்தபோது அது ஜோக் என்றே எனக்குத் தெரியாது.

அப்பா போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிடும். அம்மா போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. முப்பது வருஷம் ஒருநாள் தவறாமல் சவரம் செய்த மனுஷன் வாரக்கணக்கில் தாடியோடு இருந்தார். பேப்பரைப் பிரிக்கமாட்டார். சாப்பாட்டில் கை வைத்துவிட்டு, "நெஞ்ச அடைக்குது, கேஸு" என்று எழுந்துவிடுவார். நான் ஓமத்திரவம் வாங்கிக் கொடுத்தேன். சோடா கொடுத்தேன். ஈசிஜி எடுத்துப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. "பாத்தீங்களா, உங்க நெஞ்சுல ஒண்ணுமே இல்லையாம். எங்களத் திட்டுறதுக்கு எங்கேருந்துதான் வருதோ!" என்றேன். அப்பா சிரித்தார். சிரித்ததால் சரியாகிவிட்டது என்று நான் முடிவுகட்டினேன்.

எங்கள் பஜாரில் ஓய்வு பெற்ற அப்பாக்களுக்கெல்லாம் ஒரே வைத்தியம்தான். மதியம் மகன் சாப்பிடப் போகும்போது கடையில் உட்காரவைப்பது. ஹார்டுவேர் கடை, ஜவுளிக்கடை, மருந்துக்கடை, எங்கே பார்த்தாலும் ஒன்றரை மணிக்கு ஒரு வெள்ளைத்தலை நாற்காலியில் இருக்கும். நாலு பேரைப் பார்த்தால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கும் அதே யோசனையைச் சொல்லாத ஆளில்லை. விற்கிற சரக்கு என்ன என்பதை யோசித்தவர் ஒருவருமில்லை, முதலாளியான நான் உட்பட.

கடுமையான மருந்துகளைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பேன். மதியம் கிளம்பும்போது அதன் சாவியை அப்பா கையில் கொடுத்து, விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பேன். "ஏட்டையா, ஸ்டேஷன் உங்க பொறுப்பு. கைதி ஒருத்தனும் தப்பிக்கக் கூடாது."

"சரிலே, போ."

நாலு மாதம், தினமும்.

என் மனைவிதான் முதலில் பயந்தாள். ஒருநாள் காலையில் என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள். உள்ளங்கையில் அப்பாவின் கைக்கடிகாரம் இருந்தது.

"மாமா குடுத்தாக. பேரன் பெரியவனானா கட்டிக்கிடட்டும்னாக."

"நல்லதுதான? எனக்குத் தரலையேன்னு எனக்குத்தான் வருத்தம்."

"ஏங்க, கொஞ்சம் வெளையாட்ட விடுங்க. நேத்து பீரோ சாவியக் குடுத்தாக. முந்தாநாள் அத்த போட்டோவத் தொடச்சு எங்கிட்டத் தந்து, பத்திரம்மான்னாக. ஊருக்குப் போறவுகதான் இப்படி ஒண்ணொண்ணா ஒப்படைப்பாக. மாமா எந்த ஊருக்குப் போறாக?"

டாக்டரைப் பார்க்கவேண்டும் என்றும் அவள்தான் சொன்னாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் அப்பா வீட்டாருக்குப் பழக்கமான ஒரு டாக்டர் இருந்தார். அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். "கேஸுக்கு எதுக்குலே அம்புட்டுத் தூரம்?" சரி, நானாவது போய்க் கேட்டு வரலாம் என்று கிளம்பினேன். லைசென்ஸ் புதுப்பிக்கிற விஷயமாகப் போகிறேன் என்று பொய் சொல்லி, வழக்கம்போல சாவியைக் கொடுத்து சல்யூட் அடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். எத்தனை மணிக்கு எழுந்திரிக்கிறார்? மூணு மணிக்கே முழிச்சுக்கிடுதாக. யாரிடமாவது பேசுகிறாரா? கேட்டா பதில் சொல்லுவாக. கடிகாரம், சாவி, போட்டோ எல்லாம் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"இது கேஸும் இல்ல, வயசுக்கோளாறும் இல்ல. மனச்சோர்வு. வயசானவங்களுக்கு நெறைய வரும், நாமதான் வயசு மேல பழியப் போட்டு விட்டுருவோம். மருந்து இருக்கு. சாகணும்னு தோணுதான்னு அவர்கிட்டக் கேட்டீங்களா?"

"அத எப்படி சார் கேக்க? கேட்டு, இல்லாத நெனப்ப நாமளே உண்டாக்கிட்டா?"

"கேட்டா அந்த நெனப்பு வந்துராது. கேக்கலேன்னா அவர் தனியாச் செமக்கணும், அவ்வளவுதான். நேராக் கேளுங்க." சீட்டில் எதையோ எழுதிக்கொண்டே, "நீங்க என்ன தொழில் பாக்கீங்க?" என்றார்.

"பூச்சிமருந்துக் கடை."

பேனா நின்றது. "அப்பா இப்ப எங்க இருக்கார்?"

"கடையிலதான் சார். மனசுக்கு ஒரு மாறுதலா இருக்கட்டும்னு…"

சொல்லி முடிக்கவில்லை. டாக்டர் மேஜை போனை என் பக்கம் தள்ளினார்.

எங்கள் கடையில் போன் கிடையாது. பக்கத்து ஹார்டுவேர் கடை நம்பரைச் சுற்றினேன். விரல் வழுக்கி இரண்டு தடவை தப்பாகப் போனது. மூன்றாவது தடவை கடைக்காரர் எடுத்தார்.

"அண்ணாச்சி, எங்கப்பா கடையில இருக்காகளா, செத்த பாருங்களேன்."

"அட, நானே கேக்கணும்னு இருந்தேன். இன்னைக்கு நான் சாப்பிடப் போகாம இருந்ததுனால பாக்கேன், உங்க கடை ஷட்டரு பாதி எறங்கிக் கெடக்கு. உள்ள ஆளரவமே இல்ல. இருங்க, குனிஞ்சு பாத்துட்டு…"

லைன் அறுந்தது. மறுபடி சுற்றினேன். கர்ரென்ற சத்தம்தான் வந்தது.

எப்படி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன் என்று தெரியாது. தூரம் என்று பார்த்தால் அரைமணி நேரப் பயணம்தான். அன்றைக்கு டிரைவர் கைகாட்டிய ஒவ்வொரு ஆளுக்கும் நிறுத்தினார். ஒரு அம்மா வெள்ளாட்டுக்குட்டியோடு ஏற, அதற்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று கண்டக்டர் வாதாடினார். வேறொரு நாளாக இருந்தால் குட்டி சார்பில் நானே வாதாடியிருப்பேன். அன்று, "அதுக்கும் சேத்து நானே தாரேன், வண்டிய எடுங்கய்யா!" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பிறகு ரயில்வே கேட் அடைத்திருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு டிரைவர் பீடி பற்றவைத்தார். ரயில் வருகிற வழியாக இல்லை. அந்த வெயிலில் என் காதுக்குள் ஒரே ஒரு குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. கைதி ஒருத்தனும் தப்பிக்கக் கூடாது. என் குரல்தான். என்ன ஒரு கேவலமான குரல்!

பஜாரில் இறங்கி ஓடினேன். ஷட்டர் பாதி இறங்கித்தான் இருந்தது. குனிந்து நுழைந்தேன். நாற்காலி காலி. அலமாரி பூட்டியிருந்தது. பின்கட்டில் போய்ப் பார்த்தேன், அங்கும் இல்லை.

வெளியே யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். தளவாய்புரத்துச் சம்சாரி ஒருவர், பருத்தி விவசாயி, முகம் சிவந்து நின்றார்.

"வந்தீரா, நல்லாயிருப்பீரு! ஒரு மணி நேரமா நிக்கேன். பருத்தியில புழு விழுந்துட்டு, மருந்து தாங்கன்னா, மகன் வரட்டும்ங்காரு உங்கப்பா. கடைக்குள்ளயே வரமாட்டேங்காரு!"

"எங்க இருக்காக?"

அவர் எதிர்ப்பக்கத்து டீக்கடையைக் காட்டினார். பெஞ்சில், எங்கள் கடையைப் பார்த்தபடி, முதுகை நிமிர்த்தி அப்பா உட்கார்ந்திருந்தார்.

ரோட்டைக் கடந்தேன். டீ மாஸ்டர் சிரித்தார். "நீங்க அந்தப் பக்கம் போனா அவிய இந்தப் பக்கம் வந்துருவாகளே! மாசக்கணக்கா இதான நடக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. மதிய வியாபாரம் ஏன் படுத்துவிட்டது என்று மட்டும் தெரியும். அதை வைத்தும் இரண்டு ஜோக் அடித்திருந்தேன்.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏலே, எதுக்கு இப்படி ஓடியார?"

வாயில் நாலு பதில் வந்து வரிசையில் நின்றது. ஓட்டப்பந்தயம் என்று ஒன்று. எல்லாவற்றையும் விழுங்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் விழுங்கியதில்லை.

"அப்பா, செத்துரலாம்னு தோணுதா?"

அவர் ரோட்டையே பார்த்தார்.

"தோணுது."

"எப்ப இருந்து?"

"உங்கம்மா போன பொறவு. அப்பப்பத்தான் வந்துச்சு. இப்பம் தெனமும் வருது. உள்ள உக்காந்தா கண்ணு அந்த அலமாரிக்குத்தான் போகுது. அதான் ஷட்டர எறக்கிட்டு இங்க வந்து பாரா நிக்கேன்."

போலீசில் காவலுக்கு நிற்பதை பாரா என்பார்கள். "யாருக்குப்பா பாரா?"

"எனக்குத்தாம்லே."

சாவியை அவர் எவ்வளவு நேரமாக இறுக்கிப் பிடித்திருந்தாரோ, விரலைப் பிரித்தபோது உள்ளங்கையில் அதன் பல் பதிந்து கிடந்தது.

"ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல?"

"நீ பேச்ச எப்ப நிறுத்துன? சிரிக்க வச்சிக்கிட்டே இருந்த. நடுவுல நான் எங்க சொல்ல?" கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. "பாரா நிக்கவன் மாத்த ஆள் வராம எடத்த விட்டு நகரக் கூடாதுலே. யாரும் வரல. இந்தா, இனிமே இத நீ வச்சுக்கோ. எங்கிட்டத் தராத."

வாங்கிக்கொண்டேன். சல்யூட் அடிக்கவில்லை.

அன்று கடையைத் திறக்கவில்லை. சம்சாரியிடம் மன்னிப்புக் கேட்டு வேறு கடைக்கு அனுப்பினேன். மறுநாள் இரண்டு பேருமாக ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். அப்பா தன் வாயாலேயே டாக்டரிடம் சொன்னார். மாத்திரை உடனே கேட்டுவிடவில்லை. முதல் மூன்று வாரம் எதுவுமே மாறவில்லை, வாய்தான் உலர்ந்தது. நானும் என் மனைவியும் முறை போட்டுக்கொண்டு அவரோடு இருந்தோம். மதியம் கடையைச் சாத்தினேன். பஜார் சிரித்தது. சிரிக்கட்டும், நான் பழகியவன்தானே.

தினமும் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"சாவி யார்கிட்ட?"

"எங்கிட்டத்தாம்ப்பா."

"சரி."

அதற்குப் பிறகுதான் சாப்பிட உட்காருவார். மழைக்காலம் முழுக்க இப்படியே போனது.

தை பிறந்து கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் அவர் கேட்கவில்லை. சவரம் செய்த முகத்தோடு, என் மனைவி வைத்த புளிக்குழம்பில் உப்புக் கூடுதல் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, சாவி யார்கிட்டன்னு இன்னைக்கு ஏன் கேக்கல? அந்த நெனப்பு வந்துச்சா?"

கையில் கவளத்தோடு என்னைப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார்.

"மறந்துட்டேம்லே," என்றார்.