பாப்பாயி வீட்டு லைசென்ஸ்

ஊஞ்சக்காட்டுவலசு பாப்பாயி ஒரு கிள்ளு வெல்லத்தை வாயில் போட்டால் போதும். கரும்பு வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்ததா கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்ததா, பாகை யார் இறக்கினார்கள், அன்றைக்கு அந்த வீட்டில் சண்டையா என்பது வரை சொல்லிவிடுவாள். கடைசியாகச் சொன்னது கொஞ்சம் மிகை. ஆனால் மண்டிக்காரர்களே சிப்பம் என்கிற வெல்ல மூட்டையைப் பிரித்து அவளிடம் நீட்டி, "ஏனுங்கக்கா, இது தேறுங்களா?" என்று கேட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்துக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவன் நான். எழுதுகூலியை எல்லோரும் நாளைக்கு என்பார்கள். பாப்பாயி மட்டும் கையோடு வெல்லமாகக் கொடுத்துவிடுவாள்.

அவள் புருஷன் மணியன் கரும்பு பிழியும் ஆலையில் மாடு ஓட்டுவார். மாடுகளிடம் நாள் முழுக்கப் பேசுவார். மனிதரோடு பேச அவருக்கு அவ்வளவு விருப்பமில்லை. ஆகவே வீட்டின் வியாபாரம், வழக்கு, வாய் மூன்றும் பாப்பாயியுடையது.

முப்பத்தெட்டாம் வருஷம் கார்த்திகையில் அவள் என்னிடம் வந்தாள். எங்கள் ஊர் ரோட்டோரம் ஜில்லா போர்டுக்காரர்கள் ஒரு மாட்டு ஆஸ்பத்திரி கட்டியிருந்தார்கள். கட்டியவர் லைசென்ஸ் காண்ட்ராக்டர் தீர்த்தகிரி. சேலத்துக்காரர், வெயிலிலும் கோட்டு. லைசென்ஸைச் சுருட்டிப் பித்தளைக் குழாயில் போட்டு அக்குளில் வைத்துக்கொண்டுதான் நடப்பார். அப்போதெல்லாம் சுண்ணாம்புக் காரையில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டு அரைத்துத்தான் சுவர் பூசுவார்கள். அதற்காகப் பாப்பாயியிடம் இருபது சிப்பம் வெல்லம் எடுத்தார். பில் பாஸ் ஆனதும் பணம் என்றார். பில் பாஸாகி ஏழு மாதம் ஆகிவிட்டது.

"எனக்கு அந்தக் காசு இல்லாட்டி ஆகாதுங்க சாமி" என்றாள். "தை ஒண்ணுக்குள்ள ஆலை வாடகைய முன்பணமாக் கட்டோணும். இல்லீனா வேலுமணி ஆலைய வண்டியேத்திக் குமாரபாளையத்துப் பக்கம் கொண்டுபோயிருவான். ரெண்டு ஏக்கராக் கரும்பு நிக்குது. பூ எடுத்துட்டா அடுப்புக்குத்தான் ஆகும்."

வேலுமணியிடம் ஒரே ஒரு இரும்பு ஆலை. சுற்றுவட்டாரக் கரும்பு முழுவதும் அவன் தயவில் நின்றது. பொருள் கொடுத்தவருக்குப் பணம் தராத காண்ட்ராக்டரின் லைசென்ஸைப் பிடித்து வைக்கலாம் என்று போர்டு விதி ஒன்று இருந்தது. அதைத் தேடிப் பிடித்து, மூன்று பக்கத்துக்குக் காரமாக ஒரு மனு எழுதினேன்.

விசாரணைக்குப் போர்டு ஓவர்சியர் அங்கமுத்து வந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற வியாதி அவருக்கு உண்டு. மாட்டு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தார். ஊரே வந்தது. வைத்தியத்துக்கு வந்த இரண்டு எருமைகளும் நின்றன.

தீர்த்தகிரி எழுந்து, "இவிங்ககிட்ட நான் வெல்லமே வாங்கலீங்க" என்றார். ரசீது உண்டா என்றால் இல்லை. எங்கள் பக்கத்தில் வெல்லத்துக்கு ரசீது கேட்டால், உன் அம்மாவிடம் பாலுக்கு ரசீது வாங்கினாயா என்பார்கள்.

"வெல்லமே போடாமலா சுவர் பூசினீர்? எஸ்டிமேட்டில் வெல்லம் இருக்கிறதே, போர்டிடம் காசு வாங்கியிருக்கிறீரே?" என்றார் ஓவர்சியர்.

"போட்டேனுங்க. சேலத்துல வாங்கிப் போட்டேன்."

பாப்பாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "சேலத்து வெல்லமா எங்கூட்டு வெல்லமான்னு நாக்குல வெச்சாச் சொல்லிப்போடுவனுங்க" என்றாள்.

கூட்டத்தில் சிரிப்பு. மணியன் அன்றைக்கு மனிதர்களிடம் பேசிய ஒரே பேச்சு அப்போதுதான் வந்தது. "மாட்டாசுபத்திரிச் செவுத்தப் போயி நக்குவயா?" என்றார்.

ஓவர்சியர் சிரிக்கவில்லை. விதியில் அதற்குத் தடை இல்லை என்றார். கொத்தன் சின்னண்ணனைக் கூப்பிட்டு, மூன்று சுவரில் பூச்சைச் சுரண்டச் சொன்னார். சுரண்டியதை வெற்றிலையில் வைத்தார்கள். வெற்றிலையில் சுண்ணாம்பு வைப்பது ஒன்றும் புதிதில்லையே என்று ஒரு கிழவர் சமாதானம் சொன்னார். அவள் பொய் சொல்லிவிடக் கூடாதென்று, யாருக்கும் தெரியாமல் பழைய சாவடியின் சுவரிலிருந்தும் கொஞ்சம் சுரண்டி வரச் செய்து, அதையும் வரிசையில் வைத்தார் ஓவர்சியர். முறைப்படி தானும் ஒவ்வொன்றிலும் ஒரு துளி சுவைத்தார். 'மணல் அதிகம்' என்று எழுதிக்கொண்டார்.

பாப்பாயி கண்ணை மூடிக்கொண்டு முதல் வெற்றிலையை நாக்கில் வைத்தாள். "எங்கூடுதானுங்க. வாய்க்காத் தண்ணிக் கரும்பு." இரண்டாவது: "இதும் நம்முளுதுதான். ரெண்டாங் கொப்பரை. கொஞ்சம் தீஞ்சு போச்சு, அன்னைக்கு எனக்குக் காய்ச்சலு." மூன்றாவதை வைத்ததும் முகம் சுளித்தாள். "இது எங்க மாமியா காலத்து வெல்லம். அந்தம்மாளுக்குப் பாகு எறக்க எப்பவுமே அவசரம்."

அது சாவடிச் சுண்ணாம்பு. ஓவர்சியர் பேனாவை மையில் தொட மறந்தார்.

நான்காவது, தெற்குச் சுவர். ரொம்ப நேரம் வாயிலேயே வைத்திருந்தாள். துப்பினாள். "இதுல வெல்லமே இல்லீங்க. வெறுஞ் சுண்ணாம்பு."

ஓவர்சியர் தீர்த்தகிரியின் பக்கம் திரும்பினார். "போடாத வெல்லத்துக்குப் போர்டிடம் காசு வாங்கினால் அது மோசடி. ஜெயில்" என்றார் சாதாரணமாக.

தீர்த்தகிரிக்குக் கோட்டுக்குள் வேர்த்துவிட்டது. "அய்யோ, இருக்குதுங்க. நல்லா வாயில வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. இவிங்க குடுத்த இருவது சிப்பத்துல எட்டுச் சிப்பத்த அந்தச் செவுத்துக்குத்தானுங்க கொட்டுனேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் கோட்டுப் போட்டிருந்தது, அவ்வளவுதான். வாங்கினதை ஒப்புக்கொண்டார் என்று ஓவர்சியர் எழுதி, பாக்கி தீரும்வரை லைசென்ஸ் பறிமுதல் என்று உத்தரவு போட்டார். மனு பாக்கியைப் பற்றியது, தெற்குச் சுவருக்குத் தனி மனு வேண்டும் என்று ஜெயில் பேச்சை விட்டுவிட்டார்.

பறிமுதல் செய்ததை எங்கே வைப்பது என்பதில் அடுத்த சிக்கல் வந்தது. ஜப்தி செய்த அண்டா குண்டான்களை ஊரில் ஒருவரிடம் ஒப்படைத்துக் கைநாட்டு வாங்குவதுதான் ஓவர்சியர் அறிந்த முறை. வழக்கமாக அந்த ஒருவர் கிராம அதிகாரியான மணியக்காரர். மணியக்காரரோ தீர்த்தகிரிக்குச் சம்பந்தி முறை. ஓவர்சியர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பித்தளைக் குழாயைப் பாப்பாயி கையில் கொடுத்தார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி, பாகு காய்ச்சும் கொப்பரையைக் கவிழ்த்து வைக்கும் அறையில், எலி எட்டாத உறியில் வைத்தாள்.

மார்கழி முழுக்க ஊருக்கு அதுதான் வேடிக்கை. தீர்த்தகிரி வாரத்துக்கு இருமுறை சேலத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பட்டியில் அடைத்த மாட்டைப் பார்க்க வருகிறவர் மாதிரி வாசலில் நிற்பார்.

"லைசென்ஸைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

பாப்பாயி உறியிலிருந்து எடுத்து வந்து, குழாயைத் திறந்து காட்டுவாள். அவர் முத்திரையைத் தடவிப் பார்ப்பார். அவள் வாங்கி மறுபடி உறியில் வைப்பாள். மோர் கொடுப்பாள். பணப் பேச்சு எடுத்தால் அவருக்கு உடனே பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அவள் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். ஆனால் சாயங்காலமானால் வரப்பில் நின்று கரும்புக் கொண்டையை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். இரண்டு மூன்று கொண்டையில் பூவின் வெள்ளை தெரிய ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. எழுதிய மனுவால் ஒரு குழாய்தானே வந்தது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மார்கழிக் கடைசி நாள், வேலுமணி ஆலையை வண்டியில் ஏற்றக் கயிறு தேடிக்கொண்டிருந்தபோது, தீர்த்தகிரி ஓடி வந்தார். பொங்கல் கழிந்ததும் ஒரு பாலத்துக்கு டெண்டர். லைசென்ஸை மேஜையில் வைத்தால்தான் டெண்டர் எடுப்பார்கள். இருபது சிப்பத்துக்கும் பணத்தை வாசலிலேயே எண்ணி வைத்தார். பாப்பாயி எண்ணவில்லை. அப்படியே அள்ளி மணியன் துண்டில் முடிந்து, "வேலுமணிகிட்ட ஓடுங்க" என்றாள். அவர் ஓடியதை அன்றுதான் ஊர் பார்த்தது.

தீர்த்தகிரி கையை நீட்டினார். "லைசென்சு?"

"இருங்க. தெக்கால செவுரு?"

"அதுதான் காசு குடுத்துட்டனுங்களே."

"காசு வந்துருச்சு. வெல்லம் செவுத்துக்குப் போகுலியே. எட்டுச் சிப்பம் உங்க புள்ள கல்யாணத்துல அதிரசமாப் போச்சுன்னு ஊருக்கே தெரியுமுங்க. நாளைக்கு அந்தச் செவுரு மாட்டு மேல உழுந்தா, பாப்பாயி வெல்லம் போட்ட செவுருன்னுதான பேசுவாங்க? உரிச்சுட்டு மறுக்காப் பூசுங்க."

"கையில இருந்த காசயெல்லாம் உங்களுக்குத்தானுங்க குடுத்துட்டேன். வெல்லத்துக்கு எங்க போவேன்?"

பாப்பாயி உள்ளே போனாள். மண்டிக்குப் போடாமல் வைத்திருந்த எட்டுச் சிப்பத்தை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வாசலில் வைத்தாள். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று பக்க மனு, சுவரைத் தின்ற வாய், ஒரு மாதத் தூக்கம் எல்லாம் இதற்குத்தானா? "மறுபடி இவருக்கே கடனா? உங்களுக்குப் புத்தி இருக்குதுங்களா?" என்று கத்தியேவிட்டேன்.

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "பயமென்னுங்க சாமி. லைசென்சுதான் நம்மூட்டுல இருக்குதே" என்றாள்.

தெற்குச் சுவர் உரிபட்டு மறுபடி பூசப்பட்டது. அவளே போய் ருசி பார்த்துச் சரி என்றாள். தை முடிவதற்குள் ஆலை ஓடியது. பூத்தது ஒரு பாத்திக் கரும்புதான். தீர்த்தகிரி அதற்கப்புறம் பத்து வருஷம் காண்ட்ராக்டராக இருந்தார், எல்லா வேலைக்கும் பாப்பாயி வெல்லம்தான், எப்போதும் கடன்தான். டெண்டர் நாளில் ஆபீஸ்காரர் லைசென்ஸ் எங்கே என்று கேட்டால் அவர் பின்னால் திரும்பிப் பார்ப்பார். அங்கே பெஞ்சில் பாப்பாயி குழாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காட்டிவிட்டு, வாங்கி, ஊருக்குக் கொண்டுவந்து உறியில் வைப்பாள்.