பதில் வராவிட்டால் இரண்டு கோடு

"தர்மினி போயிட்டா, அம்மம்மா" என்று கவிதா போனில் சொன்னபோது நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டு நின்றனான். நாற்பத்திமூன்று வயது. நெஞ்சுவலியாம். அவளை அறிந்த உங்களுக்கு நான் அழுது காட்டத் தேவையில்லை. அவள் வென்ற ஒரு நாளைச் சொல்கிறேன்.

கவிதா என் பேத்தி. திருகோணமலை நகரத்தில், படகுக்கு ஆழம் காட்டும் கருவி செய்கிற சிறிய நிறுவனத்தில் தர்மினியோடு வேலை. கருவியை இயக்கும் நிரலைக் கவிதா எழுதுவாள். தர்மினி பார்த்து ஓம் சொன்னால்தான் அது கடலுக்குப் போகும். முதலில் போக இருந்தது கவிதாவின் அப்பா, என் மருமகனின் படகில். நிலாவெளிப் பக்கத்துப் பாறைகளுக்கு அவர் அதைத்தான் நம்ப வேண்டும்.

கருவிக்குள் இருக்கும் சிப்பில் ஒரு பிழை. அது புது ஆழத்தை எழுதி முடிக்குமுன் நிரல் போய் வாசித்துவிடும். பழைய எண்தான் வரும். சிப்பை மாற்ற ஏலாது. ஆகவே "முடிஞ்சுதா?" என்று கேட்டுக் கேட்டு, ஓம் வந்த பிறகே வாசிக்கும்படி கவிதா எழுதினாள்.

தர்மினி லேசில் விடமாட்டாள். "தெரியாத ஆளுக்குச் சொல்லிப் பார், ஓட்டை வெளியில வரும்" என்பாள். அன்று எங்கள் வீட்டுக்கு வந்து என்னைக் கதிரையில் இருத்தினாள்.

"எத்தினையாம் வகுப்பு, அம்மா?"

"அஞ்சு."

"போதும். ஆறு படிச்சிருந்தால் விளங்கின மாதிரித் தலையாட்டியிருப்பியள்."

கவிதா சொல்லி முடித்தாள். நான் ஒன்றுதான் கேட்டேன்: "அது ஓம் சொல்லாமலே இருந்தால்?"

தர்மினி மேசையில் தட்டிவிட்டுக் கவிதாவைப் பார்த்தாள். "கேட்டுக்கொண்டே நிக்கும். திரையில பழைய எண் கிடக்கும். உன்ர அப்பா பாறையில ஏறுவார். மூண்டு தரம் பார்த்தனான், என்ர கண்ணிலயும் படேல்ல."

அன்றே ஓர் எல்லை வைத்தார்கள். இத்தனை தரம் கேட்டும் பதில் இல்லையென்றால் எண்ணை எடுத்துவிட்டுத் திரையில் இரண்டு கோடு காட்டும். "தெரியாட்டில் தெரியாதெண்டு சொல்லட்டும்" என்றாள் தர்மினி.

போன மாதம் கரை திரும்பும்போது மருமகனுக்கு இரண்டு கோடு வந்தது. இயந்திரத்தை நிறுத்தி, ஈயம் கட்டிய கயிற்றை இறக்கினார். இடுப்பளவு தண்ணீர், கீழே பாறை. படகு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. தர்மினிக்குச் சொன்னோம். "அப்ப ஆறாம் வகுப்பும் பாஸ், அம்மா" என்று சிரித்தாள்.

நிரலில் அந்த இடத்துக்கு மேலே தர்மினி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறாள். நான் வாசிக்க வேண்டுமென்று தமிழிலேயே: "இது நான் தவறவிட்டது, கவிதாவின் அம்மம்மா கேட்டது." அவள் அச்சடித்துத் தந்த அந்தக் கடதாசி என் அலுமாரியில் இருக்கிறது. மற்ற வரி ஒன்றும் எனக்கு விளங்காது. இந்த வரி கடலுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறது.