ஆலாத்தித் தண்ணீரில் இறங்கிய வாயு

அசையாத தண்ணீருக்குள் கரியமில வாயு எவ்வளவு மெதுவாக இறங்கும் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். தொண்ணூற்றிரண்டில் அதை அளப்பதுதான் என் பட்டப்படிப்பின் கடைசி வேலை. நாலு வருடப் படிப்பு சண்டையால் ஏழாவது வருடத்திலும் இழுபட்டுக்கொண்டிருந்தது. என் கட்டுரைக்குப் பொறுப்பான விரிவுரையாளருக்கு ஊரைவிட்டு வெளியே போகப் பாஸ் கிடைத்துவிட்டது. மாத முடிவில் வள்ளமேறி நீரேரியைக் கடந்து கொழும்புக்குப் போய்விடுவார். அதற்குள் அவருடைய கையெழுத்து விழாவிட்டால் எட்டாவது வருடமும் நான் மாணவிதான்.

வேலை சொல்லப்போனால் சின்னது. நிறம் மாறும் தண்ணீரை உயரமான கண்ணாடிச் சாடியில் முக்கால்வாசி நிரப்பி, மேலே வாயுவை அடைத்து மூட வேண்டும். வாயு கரைந்து இறங்க இறங்க நிறம் மாறும். அந்தக் கோடு நாளுக்கு எவ்வளவு கீழே போகிறது என்று அடிமட்டத்தால் அளக்க வேண்டும். சாடி அசையவே கூடாது. ஆனால் ஆய்வுகூடத்தில் நிறங்காட்டி தீர்ந்து மாதக்கணக்காகியிருந்தது. புதிதாக வருவதற்குப் பாதையும் இல்லை.

"மஞ்சளும் சுண்ணாம்புத் தண்ணியும் கலவும். சிவப்பா வரும். வாயு பட்டால் மஞ்சளாகும்," என்றார் விரிவுரையாளர்.

வாயுவுக்கு அப்பச்சோடாவில் தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சம் புளி, விட்டால் போதும். கோட்டை அளக்க அச்சுவேலி வீட்டிலிருந்து பல்கலைக்கழக வளாகத்துக்கு ஒரு நாளைக்கு நாலு தரம் சைக்கிள் உழக்க என்னால் ஏலாது. ஆகவே சாடியை வீட்டுக்கே கொண்டுவந்து, வெங்காயம் கட்டித் தூக்கியிருந்த அறையில், சீமெந்து நிலத்தில் வைத்தேன்.

மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர் எங்கள் பக்கத்தில் ஒன்றுக்குத்தான். மாப்பிள்ளை பொம்பிளைக்கு ஆலாத்தி எடுத்துக் கண்ணூறு கழித்த கையோடு அதை வாசல் படலையடியில் ஊற்றிவிடுவார்கள். வீட்டுக்குள் யாரும் வைத்திருப்பதில்லை. இது எனக்குத் தெரியாததா? வாயுவின் வேகத்தை யோசித்த மண்டைக்கு அம்மாவின் வேகத்தை யோசிக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை சாடி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"அம்மா! இதுக்குள்ளை இருந்த தண்ணி எங்கை?"

"படலையடியிலை ஊத்திப்போட்டன். கலியாணம் ஆகாத பொம்பிளைப்பிள்ளை இருக்கிற வீட்டிலை ஆலாத்தித் தண்ணியை மூடி வைக்கிறதோ? ஆற்றை கண்ணூறை அடைச்சு வைச்சிருக்கிறாய்?"

"அது ஆலாத்தி இல்லையம்மா, பரிசோதனை!"

"மஞ்சள் போட்டனியோ?"

"ஓம்."

"சுண்ணாம்பு போட்டனியோ?"

"ஓம்."

"அப்ப என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?"

இந்த நியாயத்துக்குப் பதில் சொல்ல ஏழு வருடப் படிப்பு போதவில்லை. கத்தினேன், அழுதேன், மத்தியானம் சாப்பிடாமல் கிடந்தேன். பொழுதுபட அம்மா இறங்கிவந்து, இனித் தொடமாட்டேன் என்று ஒத்துக்கொண்டார்.

இரண்டாம் தடவை வைத்தேன். முதல் சில மணி நேரம் கோடு அடிமட்டம் வைத்துக் கீறியது போல நேராக இறங்கியது. மறுநாள் காலை பார்த்தால் கோட்டையே காணவில்லை. ஐந்தாறு மஞ்சள் நாக்குகள், ஒன்று நீளம் ஒன்று கட்டையாக, சிவப்புக்குள் தொங்கிக்கொண்டிருந்தன. புத்தகக் கணக்குப்படி ஒரு கிழமையில் போக வேண்டிய ஆழத்துக்கு அவை ஒரே நாளில் போயிருந்தன. யாரோ சாடியை ஆட்டிவிட்டிருக்க வேண்டும். யாரோ என்ன யாரோ? வீட்டில் நானும் அம்மாவும்தான். பழி போட அந்தக் கிழமை குண்டு போடும் பொம்மர்கூட வரவில்லை.

"தொட்டனீங்களோ?"

"பிள்ளையாராணைத் தொடேல்லை."

மூன்றாம் தடவை அறையைப் பூட்டித் திறப்பை என்னுடனேயே வைத்துக்கொண்டேன். உலக்கை அதிரும் என்று நான் சொல்ல, அம்மா மா இடிக்கப் பக்கத்து வீட்டுக்கு அரிசியைச் சுமந்துகொண்டு போனார். கோழிகளையும் அங்கேயே விட்டார். மறுநாள் திறந்து பார்க்க, அதே நாக்குகள்.

விரிவுரையாளர் புறப்பட ஆறு நாள் இருந்தது. எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"உங்களாலைதான் என்ரை படிப்பு நாசமாப் போகுது. படிப்பறிவில்லாத சனத்தோடை இருந்து நான் என்னத்தைச் செய்யிறது?"

இதைப் பெற்ற தாயிடம் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தார்.

"ஓம் பிள்ளை, நான்தான். வெங்காயம் எடுக்கப் போகேக்கை கால் தட்டுப்பட்டுப் போச்சு. அப்பிடியே எழுது."

பூட்டிய அறைக்குள் எப்படிப் போனார் என்று நான் கேட்கவில்லை. காரணம் கிடைத்த நிம்மதியில் அன்றைக்கே எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் சில மணி நேரத்து நேர்கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கை முடித்தேன். நாக்குகளைப் பற்றி ஒரே வசனம்: 'வீட்டார் ஒருவரின் கவனயீனத்தால் சாடி அசைந்தமையால் பிந்திய வாசிப்புகள் கைவிடப்பட்டன.'

"அம்மாவோ?" என்று விரிவுரையாளர் கேட்டார்.

"ஓம் சேர்."

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார். நான் பட்டதாரியானேன்.

போன மாதம் ஒரு விஞ்ஞானக் கட்டுரை வாசித்தேன். தொழிற்சாலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, ஆழத்தில் பாறை இடுக்குகளில் இருக்கும் உப்புத் தண்ணீருக்குள் அடைக்கிறார்களாம். அசையாத தண்ணீரில் அது தானாகப் பரவிக் கரைவதென்றால் யுகக்கணக்காகும். ஆனால் வாயு கரைந்த தண்ணீர் கீழே இருக்கும் தண்ணீரைவிடப் பாரமாகிவிடுகிறது. பாரமானது சும்மா இருக்குமா? நாக்கு நாக்காகத் தானே இறங்குகிறது. அதனால்தான் அங்கே வாயு கெதியாகக் கரைகிறது என்று எழுதி, படமும் போட்டிருந்தார்கள். என் சாடியில் வெள்ளையாகப் படிந்த சுண்ணாம்புத் தூளும் சேர்ந்து இழுத்திருக்கும். மற்றபடி அதே நாக்குகள். யாரும் தொட வேண்டியதில்லை. இவ்வளவு பாடுபட்டு நான் கண்ட ஒரே உண்மையான விஷயத்தை அம்மாவின் குற்றமாக எழுதி ஒதுக்கிவிட்டேன். என்னைப் போல ஒரு மொக்கு அந்த வளாகத்தில் படித்திருக்க முடியாது.

அம்மா இப்போது அரியாலையில் அக்காவுடன் இருக்கிறார். உடனே போன் எடுத்தேன்.

"அம்மா, அந்தச் சாடியை நீங்கள் தட்டேல்லை எண்டு இப்பதான் எனக்குத் தெரியும்."

"எந்தச் சாடி?"

"ஆலாத்தித் தண்ணி."

"ஓ, உதுவோ. நான் அந்த அறைப் பக்கமே போகேல்லையே."

"அப்ப ஏன் தட்டினதெண்டு சொன்னனீங்கள்?"

"ஆராவது தட்டினால்தானே நீ எழுதி முடிப்பாய்? அந்த மனுசன் வள்ளமேறப் போறாரெண்டு சாப்பிடாமல் நிண்டனி."

அழுகையோடு மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அம்மா விடவில்லை.

"அவர் கையெழுத்து வைச்சவரெல்லோ? இப்ப என்னத்துக்கு அழுகிறாய்?"