நான் ஏற்றி வைத்த தாமதம்

என் நண்பன் ஜமீலின் வலது கை தேறிவிட்டது. அது தேறவில்லை என்று அவனை நம்ப வைத்தவன் நான்.

சொல்லிவிட்டேன்! இதற்கு மேல் நீங்கள் படிக்காமல் எழுந்து போனாலும் குற்றமில்லை. விஷயம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் எப்படிச் செய்தேன், எதற்குச் செய்தேன் என்கிற விவரம். ஆனால் என் அசிங்கம் முழுவதும் அந்த விவரத்தில்தான் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் இருங்கள்.

நான் யாரையும் கை நீட்டி அடித்தவனில்லை. கணினியில் ஓர் எண்ணை மாற்றினேன், அவ்வளவே. அதற்கா இத்தனை புலம்பல் என்று கேட்பீர்கள். கேளுங்கள்... நானும் அப்படிக் கேட்டுத்தான் இத்தனை நாளும் சோறு தின்றேன்.

ஆம்பூரில் நாங்கள் பள்ளியில் படித்தபோது பஜாரை ஒட்டிய சந்தில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. காசு போட்டால் ஓடும் பெரிய பெட்டிகள். அதில் இரண்டு பேர் ஒருவரையொருவர் உதைத்துக்கொள்ளும் சண்டை ஆட்டம் ஒன்று. ஜெயித்தவன் பெட்டியின் முன்னால் நிற்பான், தோற்றவன் விலகி அடுத்தவனுக்கு இடம் விடுவான். அதுதான் கடைச் சட்டம். ஜமீல் நிற்பான். நான் விலகுவேன்.

ஒரு நாளாவது அவனை வென்றேனா? இல்லை. அவன் என்னைக் கேலி செய்திருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன். அவனோ, "கொஞ்சத்துல போச்சுடா" என்று தோளில் தட்டுவான். அந்தத் தட்டு எனக்கு உதையைவிட வலித்தது. இதை அவனிடம் நான் சொன்னதே இல்லை.

பிறகு கடை மூடிப்போனது, நாங்களும் வளர்ந்தோம். ஜமீல் ஆம்பூரிலேயே ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் சேர்ந்தான். நான் ராணிப்பேட்டைக்கு வந்து ஒரு தோல் தொழிற்சாலையில் சாயம் பொருத்திப் பார்க்கும் வேலையில் உட்கார்ந்தேன். வாங்குபவர் அனுப்பிய துண்டுத் தோலின் நிறமும் எங்கள் தோலின் நிறமும் ஒன்றா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நாள் முழுக்கப் பழுப்பையும் கறுப்பையும் பார்ப்பவனுக்குப் பேச என்ன இருக்கிறது?

மாடியில் ஓர் அறை. அப்பா, அம்மா இருவரும் போய்விட்டார்கள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களும் ஒரு கட்டத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால், டீக்கடையில் "ஒரு டீ" என்று சொல்வதோடு சரி. அன்று முழுவதும் என் குரலை நானே கேட்க மாட்டேன்! தனிமை பழகிவிடும் என்கிறார்களே, பொய். பழகுவதில்லை.

அப்போதுதான் எமுலேட்டர் கிடைத்தது. பழைய ஆட்டப் பெட்டியைக் கணினிக்குள் அப்படியே ஓட வைக்கிற மென்பொருள் அது. இணையம் வழியாக ஓர் 'அறை' திறந்து வைத்தால், உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஒருவன் உள்ளே வந்து நம்மோடு சண்டை போடுவான். எனக்குத் தலைகால் புரியவில்லை! அதே ஆட்டம், அதே சத்தம். ஆனால் வந்தவர்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆட்டம் முடிந்ததும் பெயர் மறைந்துவிடும். யாரோ வந்தார்கள், உதைத்தார்கள், போனார்கள். திரும்பவும் நானும் மின்விசிறியும்தான்.

ஜமீலுக்கு விபத்து நடந்தது அந்தச் சமயத்தில்.

தோலை வெட்டும் பிரஸ் எந்திரத்தில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. வேலை சீக்கிரம் ஓடட்டும் என்று ஒரு பொத்தானை டேப் ஒட்டி அமுக்கியபடியே வைத்துவிட்டு ஒரு கையால் வேலை செய்கிறவர்களும் உண்டு. ஜமீலும் அப்படித்தான் செய்தான். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நசுங்கிவிட்டன. உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். கம்பியை எடுத்த பிறகு விரல்கள் விறகுபோல் விறைத்து நின்றன.

நான் பார்க்கப் போனபோது அவன் மெத்தென்ற பந்து ஒன்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"இத அமுக்கி அமுக்கி பேஜாரா இருக்குடா. கொழந்த மாதிரி ஒக்கார வெச்சிட்டாங்க" என்றான்.

"பந்தத் தூக்கிப் போடு. பழைய கேம் ஆடலாம், வர்றியா?" என்றேன்.

அவன் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! அந்த ஆட்டத்தில் இடது கை ஆளை நகர்த்தும், வலது கை விரல்கள்தான் குத்தும் உதையும். விரலுக்கு அதைவிட நல்ல பயிற்சி உண்டா? அவன் மச்சானின் பழைய லேப்டாப்பில் எல்லாவற்றையும் நானே ஏற்றிக் கொடுத்தேன். பெட்டியில் இருந்ததைப் போன்ற குச்சியும் பொத்தானும் கொண்ட பலகை ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன்.

"நீ எதையும் தொடாத. ரூம் நான் தொறக்கறேன், நீ உள்ள வந்தா போதும்" என்றேன்.

இதுவரை நான் செய்தது நல்ல காரியம். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியமாகக்கூட இருக்கலாம். அதையே பிறகு என்னவாக்கினேன் பாருங்கள்.

ஞாயிறுதோறும் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆடுவோம். போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொள்வோம். அவன் வீட்டுச் சத்தம் முழுவதும் என் அறைக்குள் வரும். அவன் மனைவி நஸ்ரின் பாத்திரம் கழுவுவாள், பக்கத்து மசூதியில் பாங்கு சொல்வார்கள், யாரோ கதவைத் தட்டுவார்கள்... என் அறையில் ஒரு குடும்பம் குடிவந்ததைப்போல் இருக்கும்.

ஜெயித்தது யார் தெரியுமா? நான்! அவன் விரல் நகரவில்லை, நான் ஜெயித்தேன். முதல் முறை ஜெயித்த அன்று எழுந்து அறைக்குள் நடந்தேன். ஒரு கை செத்தவனை வென்றதற்கு அவ்வளவு சந்தோஷம்! வெட்கமாயில்லையா என்கிறீர்களா? அன்று இல்லை.

"கொஞ்சத்துல போச்சுடா" என்று நான் அவனிடம் சொன்னேன். எத்தனை ஆண்டுகளாக அதைச் சொல்லக் காத்திருந்தேனோ.

ஆனால் விரல்கள் மெல்ல மெல்ல மடங்கத் தொடங்கின. வாராவாரம் என்னால் அதைப் பார்க்க முடிந்தது. முதலில் ஒற்றைக் குத்து சரியாக விழுந்தது. பிறகு குத்தும் உதையும் சேர்ந்து விழுந்தன. ஒரு ஞாயிறு அவன் என்னை வென்றான். அடுத்த ஞாயிறு மறுபடியும் வென்றான்.

"கை வந்துருச்சு மச்சான்! நஸ்ரின், இங்க வா, கை வந்துருச்சு!" என்று கத்தினான்.

நானும் கத்தினேன். சந்தோஷம் என்றுதான் அவன் நினைத்திருப்பான்.

அந்த வாரம்தான் எண்ணை மாற்றினேன்.

நாங்கள் பயன்படுத்திய பழைய எமுலேட்டரில் 'தாமதம்' என்று ஓர் எண் உண்டு. பொத்தானை அமுக்கியதற்கும் திரையில் கை நீளுவதற்கும் இடையே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதை அது சொல்லும். இணையம் மெதுவாக இருக்கும் ஊர்க்காரர்களுக்காக வைத்தது. அறையைத் திறப்பவன்தான் அதை வைக்க முடியும். எங்கள் இருவர் வீட்டிலும் இணையம் நன்றாகவே இருந்தது. அதைக் கூட்ட எந்த அவசியமும் இல்லை. நான் கூட்டினேன்.

தாமதம் இருவருக்கும் ஒன்றுதானே! அவனுக்கு மட்டுமா வைத்தேன்? இந்த நியாயத்தை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்... ஆனால் நான் அந்தத் தாமதத்திலேயே வாரம் முழுக்கத் தனியாக ஆடிப் பழகினேன். அடி விழ வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்பே விரலை அமுக்கப் பழகினேன். அவனுக்கு அப்படி ஓர் எண் இருப்பதே தெரியாது. அவன் அமுக்கினான், திரையிலிருந்தவன் பிந்திக் கை நீட்டினான், அதற்குள் நான் உதைத்துவிட்டேன்.

"இன்னாடா இது, லேட்டா போவுது. நெட்டு ஸ்லோவா?" என்றான்.

"இல்லியேடா, இங்க கரெக்டாத்தான் இருக்கு" என்றேன்.

ஸ்பீக்கரில் அவன் விரல்களை நெட்டி முறிக்கும் சத்தம் கேட்டது.

ஏன் செய்தேன்? தோற்கப் பிடிக்காமலா? கை சரியானால் அவன் வேலைக்குத் திரும்பிவிடுவான், ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் என்பான், நான் மறுபடி மின்விசிறியோடு இருப்பேன் என்ற பயமா? இரண்டும்தான். எது அதிகம் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை.

விளையாட்டோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கம்பெனியிலிருந்து அவனுக்கு ஆள் அனுப்பினார்கள். திங்கட்கிழமை வந்து எந்திரத்தில் நின்று வெட்டிக் காட்டு, கை ஓடினால் பழைய இடம், ஓடாவிட்டால் பேக்கிங்கில் ஹெல்பர் என்றார்கள். பழைய இடம் என்றால் கைத்தொழில்காரனுக்கு உண்டான மரியாதை. ஹெல்பர் என்றால் யார் கூப்பிட்டாலும் ஓட வேண்டும். இதை அவன் என்னிடம்தான் முதலில் சொன்னான்.

"ஞாயித்துக்கெழம ஒன்ன அடிச்சிட்டேன்னா திங்கக்கெழம தைரியமா போயி நிப்பேன் மச்சான். பயமா இருக்குடா. திரும்பவும் கைய உள்ள உட்டுருவேனோன்னு பயமா இருக்கு. ஒன்னோட ஆடித்தான் எனக்குத் தெரியணும்."

பார்த்தீர்களா? மருத்துவர் சொன்னதை அவன் நம்பவில்லை. நஸ்ரின் சொன்னதையும் நம்பவில்லை. அந்தச் சந்துக் கடையில் வளர்ந்தவனுக்கு, கை நன்றாக இருக்கிறதா என்பதைச் சொல்லக்கூடியது அந்த ஆட்டம் ஒன்றுதான். எதிரே நிற்கும் நான்தான்!

ஞாயிறு வந்தது. அந்த எண்ணைக் குறைத்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன். சத்தியமாகக் கொண்டுபோனேன்! பிறகு, ஒரே ஓர் ஆட்டம் ஜெயித்துவிட்டுக் குறைக்கலாம் என்று நினைத்தேன். ஜெயித்தேன். இன்னும் ஒன்று என்றேன். அவன் ஆடிக்கொண்டேயிருந்தான். பலகையில் விரல் விழும் சத்தம் மட்டும் வேகமாக, சரியாக, பழைய ஜமீலின் சத்தமாகக் கேட்டது. திரையில் அவன் ஆள் மட்டும் அடி வாங்கிக்கொண்டிருந்தான்.

"போதும் மச்சான். கை வர்ல" என்றான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பரவால்லடா, நாள் ஆவும்" என்றேன். பாவி!

சாயங்காலம் நஸ்ரின் போன் செய்தாள். "ஏன்ணா, கேம்ல இன்னா ஆச்சு? மத்தியானத்துலேர்ந்து யார்கிட்டயும் பேசல. நாளைக்கி போவலன்றாரு. நீங்க சொன்னா கேப்பாருண்ணா."

"நான் இன்னாம்மா சொல்றது... அவன் கை அவனுக்குத்தான் தெரியும்" என்றேன். அப்படியே சொன்னேன்! இந்த வாய் வெந்துபோகவில்லை.

ஜமீல் திங்கட்கிழமை எந்திரத்தின் பக்கமே போகவில்லை. நேராக பேக்கிங்கில் சேர்ந்துவிட்டான். லேப்டாப்பைத் தன் மச்சானிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாத்திரச் சத்தமும் இல்லை, பாங்கும் இல்லை. அவனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள நான் செய்தது, அவனை முழுதாகவே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

போன வாரம் ஆம்பூர் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் பஸ் ஏறினேன். கம்பெனி வாசலில் டீ வாங்கிக் கொடுத்தான். கிளாசை இடது கையால் பிடித்திருந்தான். வலது கை பேன்ட் பைக்குள் இருந்தது. காசு எடுக்கும்போது அது வெளியே வந்தது. ஐந்து விரலும் சாதாரணமாக மடங்கின, நீண்டன. சில்லறையைத் துழாவி எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி பைக்குள் போய்விட்டது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

"எல்லாரும் கை சரியாயிருச்சு, சரியாயிருச்சுன்னாங்க மச்சான். டாக்டரும் அப்டித்தான் சொன்னாரு. பாவம் பார்த்துச் சொன்னாங்க. நீ ஒருத்தந்தான் பாவம் பாக்காம ஆடின. நீ உட்டுக்குடுத்திருந்தீன்னா, நான் போயி மெஷின்ல நின்னு இன்னொரு தடவ கைய உட்டுருப்பேன். ஒனக்குத்தான்டா நான் கடன்பட்டிருக்கேன்" என்றான்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன், "சூப்பர்வைசர் நேத்துகூட கூப்ட்டாரு. எடம் இன்னும் காலியாத்தான் இருக்குதாம், மாசக் கடைசி வரைக்கும் பாப்பாராம். வேணாம் சார், எனக்கு என் கை தெரியும்னுட்டேன்" என்று சிரித்தான்.

சொன்னால் அவனுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். சொன்னால் எனக்கு அவன் இருக்க மாட்டான். இவ்வளவு எளிய கணக்கு! இதற்கு எதற்கு யோசனை? நீங்களாயிருந்தால் அந்த டீ ஆறுவதற்குள் சொல்லியிருப்பீர்கள். நான் டீயைக் குடித்து முடித்தேன். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன்.

இதை உங்களுக்கு எழுத முடிகிறது. அவன் போன் எண்ணை மட்டும் அழுத்த முடியவில்லை. எழுதினால் மனப்பாரம் இறங்கும் என்று நினைத்தேன், இறங்கவில்லை. மாசம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. ஜமீல் இப்போது பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருப்பான்... அந்தக் கையால்.