வாய்க்குள் ஒட்டிய தொடைத் தோல்

என் கீழ்த்தாடையில் கட்டி வளர்ந்து, மதுரையில் ஆபரேஷன் செய்தபோது இடப்பக்க எலும்பையே எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் என் காலிலிருந்து எலும்பும், அதோடு ஒட்டிய சதையும் தோலும் எடுத்து வைத்துத் தைத்தார்கள். முகம் திரும்பக் கிடைத்தது. பல்தான் இல்லை. பந்தல்குடி ரோட்டோரத்தில் நானும் என் வீட்டுக்காரரும் நடத்தும் கடையில், வருகிறவர்களுக்குப் பரோட்டா போட்டுவிட்டு, நான் ரசம் சோற்றைக் குழைத்து விழுங்கிக்கொண்டிருந்தேன்.

பல் வைக்க முடியுமா என்று கேட்க அதே மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரிடமும் சொல்லக் கூசியதை அன்றுதான் அங்கிருந்த பல் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "வாய்க்குள்ள முடி மொளைக்குதும்மா. நாக்குல குத்துது."

அவர் சிரிக்கவில்லை. "அது கால் தோல் இல்லையா, அதோட வேலையைப் பாக்குது. தடிமனாவும் இருக்கு, அசையவும் செய்யுது. இது வழியா எலும்புல திருகு வச்சுப் பல் கட்டினா சுத்திப் புண்ணாகும். இதைக் குறைச்சிட்டு, தொடையிலிருந்து மெல்லிசாத் தோல் எடுத்து ஒட்டணும்."

"காலு எலும்பு தாடைக்கு வந்துச்சு, இப்பத் தொடைத் தோலு வாய்க்கு வருதா!" என்று என் வீட்டுக்காரர் வாய்பிளந்தார்.

ஆபரேஷன் முடிந்தபோது, ஒட்டிய தோல் நகராமலிருக்க அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தகட்டை வைத்துத் திருகியிருந்தார்கள். வாயைவிடத் தொடைதான் எரிந்தது. சேலை பட்டாலே உயிர் போனது. கேப்பைக் கூழை உறிஞ்சிக் குடித்தேன். சில நாளில் தகட்டுக்கடியில் நாற்றம் எடுத்தது. தோல் அழுகிவிட்டது என்றே முடிவுகட்டினேன். தகட்டைக் கழற்றப் போன அன்று, மதுரை வரைக்கும் பஸ்ஸில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே போனேன்.

டாக்டரம்மா தகட்டை எடுத்தார், தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார், கண்ணாடியை நீட்டினார். "புடிச்சிருச்சும்மா, பாருங்க."

வெளிர் ரோஜா நிறத்தில் எலும்போடு இறுக ஒட்டியிருந்தது. விரலால் அழுத்தினேன், அசையவில்லை. சேலைக்கடியில் வெயில்கூடப் படாமல் கிடந்த தோல், எச்சிலிலும் சூட்டிலும் பிழைக்க எப்படிக் கற்றுக்கொண்டது? யார் சொல்லி என் ரத்தம் அதைத் தேடிப் போனது? ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கைகூப்பினேன். கும்பிட்டது டாக்டரம்மாவையா, என் உடம்பையா, எனக்கே தெரியவில்லை.

பிறகு பல்லுக்கான திருகுகளை எலும்பில் வைத்தார்கள். அவை எலும்போடு சேர்ந்து இறுகச் சில மாதங்கள் விட்டு, பல் பொருத்தினார்கள். கடையில் அடுப்புப் பற்றவைக்கும் முன் வறுகடலை ஒன்றை வாயில் போட்டு இடப்பக்கம் கடித்தேன்.

வீட்டுக்காரர் பதறி, "வலிக்கா புள்ள?" என்றார்.

"வலிக்கல. கடக்குன்னு காதுக்குள்ள கேக்குது."